மோட்டார் சீல் வளையத்தில் வைரம் வளர்த்தது

திருவையாற்றில் காயில் கட்டும் கடை வைத்திருக்கும் அண்ணன் ஒருவரிடமிருந்துதான் இந்த வேலை தொடங்கியது. எங்கள் கல்லூரி ஆய்வுக்கூடத்துக்கு 230 வோல்ட்டை 20 வோல்ட்டாக இறக்கி 80 ஆம்பியர் வரை தாங்கும் டிரான்ஸ்ஃபார்மர் ஒன்று சுற்றித் தரச் சொல்லி அவரிடம் போயிருந்தேன். மேசைக்குக் கீழே ஒரு தகர டப்பா நிறைய வெள்ளை வளையங்கள் கிடந்தன. பாதி உடைந்தவை, மீதியில் மயிரிழை விரிசல். என்ன அண்ணே இது என்று கேட்டேன். "மோனோபிளாக் மோட்டார் சீல் தம்பி. ஒரு போகத்துக்குள்ள ஒரே ஆளுக்கு ரெண்டு, மூணு தடவை மாத்துறேன். மண்ணு ஒரு பக்கம், தண்ணி இல்லாம ஓடுறது ஒரு பக்கம்" என்றார். எதற்கு இவ்வளவு ஆம்பியர் என்று அவர் கேட்டார், பீங்கான் மேலே வைரம் வளர்க்கப் போகிறோம் என்றேன். அவர் சிரிக்கவில்லை. டப்பாவிலிருந்து விரிசல் இல்லாத வளையம் ஒன்றைத் தேடி எடுத்துக் கையில் கொடுத்து, "அப்ப இது மேல வளத்துப் பாருங்க" என்றார்.

அந்த வளையம் என்ன வேலை செய்கிறது என்று முதலில் சொல்லிவிடுகிறேன். மோட்டார் தண்டு பம்புக்குள் நுழையும் இடத்தில் தண்ணீர் வெளியே வராமல் தடுக்க இரண்டு முகங்கள் ஒன்றையொன்று அழுத்திக்கொண்டு உரசும். சுற்றுவது கார்பன், நிற்பது இந்த வெள்ளைப் பீங்கான், அதாவது அலுமினா. நடுவே மிக மெல்லிய தண்ணீர்ப் படலம் இருந்தால்தான் இரண்டும் பிழைக்கும். ஃபுட் வால்வு கசிந்து குழாய்த் தண்ணீர் இறங்கிவிட்டால், இரவில் மும்முனை மின்சாரம் வந்ததும் ஆட்டோ ஸ்டார்ட்டர் மோட்டாரைப் போட்டுவிடும், பம்பு காற்றைச் சுற்றிக்கொண்டிருக்கும், சீல் காய்ந்து கொதிக்கும். திடீரென்று தண்ணீர் பட்டால் வளையம் பட்டென்று வெடிக்கும். இதற்கு வைரப் பூச்சு ஏன் பொருந்தும் என்றால், உரசல் மிகக் குறைவு, மணல் அதைக் கீறாது. உலகத்தில் பெரிய பம்பு சீல்களில் இது ஏற்கெனவே பயன்பாட்டில் இருக்கிறது. நாங்கள் புதிதாக எதையும் கண்டுபிடிக்கவில்லை. நம் ஊர் மோட்டார் வளையத்தில், நம் கையால் செய்ய முடியுமா என்பதுதான் கேள்வி.

முறையின் பெயர் வேதி ஆவிப் படிவு, எல்லோரும் சொல்வது சி.வி.டி. அதில் நாங்கள் எடுத்துக்கொண்டது சூடான இழை முறை. ஜப்பானில் மாட்சுமோட்டோ குழுவினர் 1982ல் வெளியிட்டது, இன்றும் குறைந்த செலவில் தொடங்க இதுதான் வழி. நூறு பங்கு ஹைட்ரஜனுக்கு ஒரு பங்கு மீத்தேன், காற்றழுத்தத்தில் முப்பதில் ஒரு பங்கு அழுத்தம், மேலே 2,000 டிகிரிக்கு மேல் எரியும் டங்ஸ்டன் கம்பிகள், அதற்கு 7, 8 மில்லிமீட்டர் கீழே 800 டிகிரியில் வளையம். கம்பியின் சூட்டில் ஹைட்ரஜன் மூலக்கூறு உடைந்து தனி அணுவாகும். மீத்தேனிலிருந்து ஒரு ஹைட்ரஜனைப் பிடுங்கி மெத்தில் துணுக்காக மாற்றுவதும் அந்த அணுதான், வளையத்தின் மேல் படியும் கார்பனில் கிராஃபைட்டாகக் கூடியதை அரித்துத் தள்ளிவிட்டு வைரமாகக் கூடியதை விட்டுவைப்பதும் அந்த அணுதான். வயலில் களை எடுப்பதைப் போல என்று என் மாணவர்களுக்குச் சொல்வேன். விதைப்பவரும் களை எடுப்பவரும் ஒரே ஆள், களை எடுக்கும் வேகம் விதைக்கும் வேகத்தைவிட எப்போதும் அதிகமாக இருக்க வேண்டும்.

மீத்தேன் என்ற சொல்லுக்கு எங்கள் பகுதியில் வேறு கனம் உண்டு. மீத்தேன் திட்டத்தை எதிர்த்து ஊர் ஊராக நடந்த போராட்டங்களும் 2020ல் வந்த பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டமும் யாருக்கும் மறக்கவில்லை. சிலிண்டர் வண்டியில் வந்து இறங்கியபோது பக்கத்துத் தெருக்காரர் ஒருவர் கவலையோடு வந்து விசாரித்தார், அவர் கேட்டது நியாயம். கணக்குப் போட்டுக் காட்டினேன்: நிமிடத்துக்கு 3 கன சென்டிமீட்டர், எட்டு மணி நேரத்துக்கு மொத்தம் ஒன்றரை லிட்டருக்கும் குறைவு, ஒரு தண்ணீர் பாட்டில் அளவு வாயு. உண்மையில் பயப்பட வேண்டியது ஹைட்ரஜனுக்குத்தான். காற்றில் 4 சதவீதத்திலிருந்து 75 சதவீதம் வரை எந்தக் கலவையிலும் தீப்பிடிக்கும், சுடர் பகலில் கண்ணுக்கே தெரியாது. வெற்றிடப் பம்பின் வெளியேற்றுக் குழாயில் நைட்ரஜன் கலந்து மொட்டைமாடிக்கு மேலே கொண்டுபோய் விட்டோம், கூரையடியில் ஹைட்ரஜன் உணரி மாட்டினோம், அதற்குப் பிறகுதான் முதல் முறை வால்வைத் திறந்தோம். இதில் யாரும் அவசரப்படக் கூடாது.

வைரம் வளரும் வெற்றிட அறை, துவாக்குடிப் பக்கம் பாய்லர் வேலை செய்யும் ஒரு பட்டறையில் செய்தது. இரட்டைச் சுவர் எவர்சில்வர் உருளை, சுவர்களுக்கு நடுவே தண்ணீர் ஓடும். பாய்லர் வெல்டர்களுக்கு உள்ளிருந்து தள்ளும் அழுத்தம் பழக்கம், வெற்றிடத்துக்கு வெல்டு உள்பக்கம் இருக்க வேண்டும் என்பதை மட்டும் ஒரு முறை விளக்க வேண்டியிருந்தது. அழுத்தமானியில்தான் ஒரு வாரம் போயிற்று. எங்களிடம் இருந்தது பிரானி மானி, அது வாயு எவ்வளவு சூட்டைக் கடத்துகிறது என்பதை வைத்து அழுத்தம் சொல்வது, காற்றுக்கு அளவீடு செய்தது. ஹைட்ரஜன் காற்றைவிடப் பல மடங்கு சூடு கடத்தும். ஆகவே உள்ளே கொஞ்சம்தான் வாயு இருக்கும்போதே முள் எங்கேயோ போய் நின்றது, அதை நம்பி ஓட்டியதில் கம்பி எரிந்ததே தவிர வளையத்தில் ஒன்றும் வளரவில்லை. எந்த வாயுவாக இருந்தாலும் தகட்டை எவ்வளவு தள்ளுகிறது என்று மட்டும் பார்க்கும் கெப்பாசிட்டன்ஸ் மானி ஒன்றை மாட்டியதும் பிரச்சினை தீர்ந்தது. வாயு ஓட்டக் கட்டுப்பாட்டுக் கருவியிலும் இதே கதைதான். நைட்ரஜனுக்கு அளவீடு செய்ததில் மீத்தேனை விட்டால் காட்டுவதில் 0.72 பங்குதான் உண்மையில் போகும், அதைப் பெருக்கிக்கொள்ள வேண்டும்.

கம்பி பற்றி நிறையச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பாதித் தோல்விகள் அங்கேதான். 0.25 மில்லிமீட்டர் டங்ஸ்டன், பத்து சென்டிமீட்டர் நீளத்தில் ஐந்து கம்பிகள் பக்கத்தில் பக்கத்தில். முதல் முறை இரண்டு முனையையும் இறுக்கித் திருகிவிட்டோம். மீத்தேன் பட்டதும் டங்ஸ்டன் கார்பைடாக மாறும், மாறும்போது நீளும், நீண்ட கம்பி தொய்ந்து வளையத்தின் மேலேயே படுத்துவிட்டது. இப்போது ஒரு முனை நிலையானது, இன்னொரு முனையில் மாலிப்டினம் வில், தொய்வு வந்தால் வில் இழுத்துக்கொள்ளும். வளையத்தை வைப்பதற்கு முன்பே ஒரு மணி நேரம் மீத்தேனில் கம்பியைக் காய்ச்சிவிடுகிறோம். காய்ச்சிய கம்பி ஆறிய பிறகு கண்ணாடிதான், விரல் பட்டாலே முறியும், ஆகவே வளையத்தைக் கீழிருந்து தட்டோடு ஏற்றும்படி மாற்றியமைத்தோம். கார்பைடானதும் மின்தடை ஏறிவிடும், அதே சூட்டுக்கு வோல்ட்டேஜைக் கூட்ட வேண்டியிருக்கும். காயில் கடை அண்ணன் டிரான்ஸ்ஃபார்மரில் கேட்காமலே மூன்று டேப்பிங், அதாவது வேறு வேறு வோல்ட்டேஜ் தரும் முனைகள், எடுத்துக் கொடுத்திருந்தார், அது அப்போதுதான் கைகொடுத்தது.

சரி, வளையத்துக்கு வருகிறேன். வெறும் பீங்கானை உள்ளே வைத்தால் வைரம் எளிதில் முளைக்காது, முதலில் விதை போட வேண்டும். சில நானோமீட்டர் அளவு வைரத் தூளை மெத்தனாலில் கலக்கி, வளையத்தை அதில் மூழ்கவைத்து, மூக்குக்கண்ணாடிக் கடையில் கண்ணாடி கழுவ வைத்திருப்பார்களே அதே மாதிரி அல்ட்ராசோனிக் தொட்டியில் அரை மணி நேரம். எடுத்துக் கழுவிக் காயவைத்தால் கண்ணுக்கு ஒரு வித்தியாசமும் தெரியாது. நன்றாக விதைத்தால் ஒரு சதுர சென்டிமீட்டரில் ஆயிரம் கோடி விதைகளுக்கு மேல் ஒட்டும்.

அண்ணன் கொடுத்த அலுமினா வளையத்தில் எட்டு மணி நேரம் ஓட்டினோம். ஜன்னல் வழியாகப் பார்த்தால் வெள்ளை வளையம் மெல்ல மெல்லச் சாம்பல் நிறமாகி, கடைசி இரண்டு மணி நேரத்தில் சர்க்கரைப் பொடி தூவியது மாதிரி மினுமினுத்தது. வளர்ந்துவிட்டது என்று எல்லோருக்கும் சந்தோஷம். கம்பியின் மின்சாரத்தை மெதுவாகக் குறைத்து ஆறவிட்டோம். 300 டிகிரிக்குப் பக்கத்தில் வரும்போது ஓரத்தில் ஓர் இடம் அப்பளம் பொரியும்போது உப்புவது போல உப்பியது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே உப்பல் உள்பக்கமாக நகர்ந்து, அதன் முதுகு பிளந்து, நகக்கீற்று அளவுக்கு ஒரு துண்டு துள்ளித் தட்டில் விழுந்தது. பின்னாலேயே இன்னொன்று. அறையைத் திறந்தபோது வளையம் பழையபடி வெள்ளை, சுற்றிலும் சாம்பல் நிறச் செதில்கள். அந்தச் செதில் ஒன்றைச் சாமணத்தால் எடுத்து உடைந்த சிலிக்கான் கார்பைடுத் துண்டின் மேல் தேய்த்தேன், கோடு விழுந்தது. வளர்ந்தது வைரம்தான், அது வளையத்தில் நிற்கவில்லை.

காரணம் எளிது, ஆனால் கண்ணால் பார்த்த பிறகுதான் எனக்கு உறைத்தது. கோடையில் குளம் வற்றினால் அடியில் வண்டல் பாளம் பாளமாக வெடித்து ஓரம் சுருண்டு நிற்கும். அங்கே சுருங்குவது மேலே இருக்கும் வண்டல், அடி நிலம் அப்படியே இருக்கும். இங்கே தலைகீழ். ஒரு மீட்டர் வைரம் ஒரு டிகிரி மாறினால் அறை வெப்பநிலையில் ஒரு மைக்ரான்தான் மாறும், அலுமினா ஐந்து மைக்ரானுக்கு மேல் மாறும். சூட்டில் இந்த எண்கள் ஏறினாலும் இடைவெளி குறைவதில்லை. 800 டிகிரியிலிருந்து ஆறும்போது அடி நிலம் சுருங்கிக்கொண்டே போகிறது, மேலே இருக்கும் வைரம் சுருங்க மறுக்கிறது, படலத்துக்குள் சில கிகாபாஸ்கல் அழுத்தம் ஏறுகிறது, ஒட்டு பலவீனமான இடத்தில் உப்பிக் கிளம்புகிறது. அதோடு அலுமினாவுக்கும் கார்பனுக்கும் நடுவே பிணைப்பு ஏற்படுத்தும் கார்பைடு அடுக்கும் கிடையாது. மெதுவாக ஆறவிட்டால் சரியாகிவிடும் என்று இரண்டு முறை முயன்றோம், உபயோகமில்லை. எவ்வளவு மெதுவாக ஆற்றினாலும் கடைசியில் வந்து சேரும் இடம் ஒன்றுதான்.

அதனால் பீங்கானை மாற்றினோம். சிலிக்கான் நைட்ரைடு வைரத்துக்கு மிக நெருக்கம், விரிவு மூன்று மைக்ரான் சுமார். சிலிக்கான் கார்பைடு நான்கைச் சுற்றி. நைட்ரைடு வளையம் நம் மோட்டார் அளவில் கையில் கிடைக்கவில்லை, கார்பைடு வளையம் அதே அளவில் கறுப்பாகக் கடையிலேயே விற்கிறது. இயற்பியல் ஆய்வுக்கூடத்துச் சோடியம் விளக்கையும் ஒளியியல் தட்டைக் கண்ணாடியையும் வைத்து முகத்தின் சமதளத்தைப் பார்த்தோம். கண்ணாடிக்கும் முகத்துக்கும் நடுவே தெரியும் ஒளிக் கோடுகள் நேராக இருந்தால் தட்டை, ஒரு கோடு அளவு வளைந்தால் 0.29 மைக்ரான் மேடு பள்ளம். இரண்டு கோடுகளுக்குள் இருந்ததை மட்டும் எடுத்துக்கொண்டோம். விதைத்து, 820 டிகிரியில் எட்டு மணி நேரம். இந்த 820 என்பது வளையத்தின் முதுகில் தொட்டுக்கொண்டிருக்கும் தெர்மோகப்பிள் என்ற வெப்பமானிக் கம்பி சொல்வது, கம்பியைப் பார்த்திருக்கும் முகம் அதைவிடச் சூடாகத்தான் இருக்கும் என்பதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

ஆறும்போது யாரும் பேசவில்லை. 300 வந்தது, 200 வந்தது, ஒன்றும் நடக்கவில்லை. வெளியே எடுத்து முகத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டோம், பரவாமல் முத்தாக நின்றது. வைரத்தின் மேற்பரப்பை ஹைட்ரஜன் மூடியிருந்தால் அப்படித்தான் நிற்கும். செல்லோடேப் ஒட்டிப் பிய்த்தோம், ஒன்றும் வரவில்லை. சென்னைக்கு அனுப்பி எடுத்த, ஒளி சிதறுவதை வைத்துப் பொருளை அடையாளம் காட்டும் ராமன் நிறமாலையில், வைரத்துக்கே உரிய 1332 அலை எண்ணுக்குச் சற்று மேலே கூரான ஒற்றை முகடு, அந்தச் சிறு நகர்வு படலம் இன்னும் அழுத்தத்தில் இருக்கிறது என்பதற்கு அடையாளம். 1888ல் திருச்சியில் பிறந்தவர், வைரங்களைப் பற்றியே பல ஆண்டுகள் ஆராய்ந்தவர் சர் சி.வி. ராமன். அவர் பெயர் தாங்கிய முறையில், அவர் பிறந்த ஊருக்குப் பக்கத்தில் வளர்த்த படலம் வைரம் என்று உறுதியானது எனக்குச் சாதாரண விஷயமாகப் படவில்லை.

மூன்றாவது கார்பைடு வளையத்தில் ஐந்தாம் மணி நேரத்தில் மின்சாரம் போயிற்று, ஐப்பசி மழை. கம்பி உடனே அணைந்தது, வளையம் சில நிமிடத்தில் கனல் அடங்கிக் கறுத்தது. நல்லவேளை, வாயு வால்வுகள் மின்சாரம் இல்லாவிட்டால் தானாக மூடும் வகை, ரோட்டரி பம்பின் எண்ணெய் அறைக்குள் ஏறாமல் தடுக்கும் வால்வும் வேலை செய்தது. இவை இரண்டும் இல்லாமல் டெல்டாவில் மழைக்காலத்தில் இந்தக் கருவியை ஓட்டக் கூடாது. அந்த வளையத்தில் வெளி ஓரம் மட்டும் செதில் விட்டது. ஓரம் கூர்மையாக இருந்த இடம் அது. அதிலிருந்து விதைப்பதற்கு முன் ஓரங்களை லேசாகத் தேய்த்து மழுக்கிவிடுகிறோம், மின்சாரம் போகாத நாளிலும் அது நல்ல பழக்கம்.

அப்புறம் பம்பில் மாட்டினோம். ஆய்வுக்கூடத்துக்குப் பின்னால் ஒரு சிமென்ட் தொட்டி, ஒரு குதிரைத்திறன் மோனோபிளாக், தொட்டியில் கொள்ளிடத்து மணல் இரண்டு படி. அரை மணி நேரத்தில் தண்ணீர் மசி கரைத்தது போல் கறுத்தது. கழற்றிப் பார்த்தால் வைர முகத்தில் ஒரு கீறல் இல்லை, எதிரே இருந்த கார்பன் முகம் பாதி காணாமல் போயிருந்தது. சர்க்கரைப் பொடி மாதிரி மினுமினுத்தது என்று சொன்னேனே, அந்த மினுமினுப்பு ஒவ்வொன்றும் ஒரு கூரான வைரப் பட்டை. நாங்கள் வளர்த்தது ஓர் அரம். வைரம் எவ்வளவு நன்றாகப் படிகமாகிறதோ அவ்வளவு கரடாக இருக்கும், சீலுக்கு அது ஆகாது.

தேய்த்து மெருகேற்றலாம், ஆனால் வைரத்தை வைரத்தால்தான் தேய்க்க வேண்டும், நாள்கணக்கில் ஆகும். அதைவிட வளர்க்கும்போதே படிகத்தைப் பெரிதாக விடாமல் பார்த்துக்கொள்வது மேல். மீத்தேனை 4 சதவீதமாக உயர்த்தி, அழுத்தத்தைப் பாதியாக்கி, சூட்டை 750க்கு இறக்கினால், ஒரு படிகம் வளர ஆரம்பிப்பதற்குள் அதன் மேலேயே புதிது முளைத்துக்கொண்டே இருக்கும். இந்த நானோ படலம் மினுமினுக்காது, கருங்கண்ணாடி மாதிரி பளபளக்கும். வளர்ச்சி மெதுவு, பன்னிரண்டு மணி நேரத்தில் மூன்று மைக்ரானைத் தாண்டவில்லை. ராமனில் 1332 முகடு தேய்ந்து அகன்றுவிடும், 1140 பக்கம் ஒரு மேடு தெரியும், அதைப் பார்த்துப் பயப்பட வேண்டியதில்லை. சுத்த வைரம் என்ற கணக்கில் இது ஒரு படி கீழே, சீல் முகம் என்ற கணக்கில் இதுதான் சரி.

இந்த வளையத்தை அதே தொட்டியில் நான்கு நாள் ஓட்டினோம், தண்ணீர் கறுக்கவில்லை. பிறகு உறிஞ்சு குழாயை மூடிப் பத்து நிமிடம் காய ஓட்டினோம். வெறும் அலுமினா வளையம் இதே சோதனையில் இரண்டாம் நிமிடத்தில் கீச்சிட ஆரம்பித்துத் தண்ணீர் பட்டதும் வெடித்தது. வைர வளையம் சத்தமில்லாமல் ஓடியது. இதில் பாதிப் பெருமை அடியில் இருக்கும் கார்பைடுக்குத்தான் சேர வேண்டும், மூன்று மைக்ரான் பூச்சு எவ்வளவு சூட்டைக் கடத்திவிடப் போகிறது. வெறும் கார்பைடு வளையமே வெள்ளை வளையத்தைவிட எவ்வளவோ மேல், காசு கணக்குப் பார்க்கும் விவசாயிக்கு நான் இன்றைக்குச் சொல்வதும் அதைத்தான். பத்து நிமிடம் முடிந்து கழற்றியபோது முகங்கள் இரண்டும் நன்றாக இருந்தன, கார்பனைத் தாங்கும் ரப்பர் பெல்லோஸ் இறுகி ஓரத்தில் வெடிப்பு விட்டிருந்தது. பலவீனம் பீங்கானிலிருந்து ரப்பருக்கு இடம் மாறிவிட்டது. அதற்குச் சூடு தாங்கும் விட்டான் ரப்பர் சொல்லியிருக்கிறேன்.

குறுவை நடவுக்கு முன் ஒரு வளையத்தை அண்ணனிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துச் சாய்த்துப் பார்த்துவிட்டு, "கட்டையில வைரம் உள்ள பாயும், இதுல மேல பாஞ்சிருக்கு" என்றார். தன் வாடிக்கையாளர்களில் அதிகமாகச் சீல் மாற்றுகிறவர் யாரோ அவர் மோட்டாரில்தான் போடுவேன் என்று சொல்லி, மறுநாளே போட்டும் விட்டார். அந்த மோட்டார் இப்போது ஓடிக்கொண்டிருக்கிறது. வாரம் ஒரு முறை அவர் தண்டுக்கடியில் விரலை வைத்துப் பார்த்துவிட்டு எனக்கு ஃபோன் செய்கிறார், ஈரம் இல்லை என்ற ஒரு வரிதான். அடுத்து இரண்டு முகத்திலும் பூச்சுப் போட்ட ஜோடி ஒன்று, கார்பனே இல்லாமல். அதற்கு நீளமான கம்பி வேண்டும், 24 வோல்ட் வரை ஏற்ற வேண்டும், டிரான்ஸ்ஃபார்மரின் செகண்டரியை மறுபடி சுற்ற இந்த வெள்ளிக்கிழமை அவர் கடைக்குக் கொண்டுபோகிறேன்.